கேமரா வேண்டுமென்று நான்தான் சொன்னேன்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கணினிக் கடையில், கிராஃபிக்ஸ் கார்டுகளை அடுக்கி வைத்திருந்த கண்ணாடி அலமாரிக்கு முன்னால் பிறந்தது. என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், வீட்டுக்குள்ளேயே கோல்ஃப் ஆடிப் பழக ஒரு கம்ப்யூட்டர் வாங்க வந்திருந்தார். எதை வாங்குவது என்று சொல்ல என்னையும் கூட்டி வந்திருந்தார். அந்த வாரம்தான் ஓர் இதழிலிருந்து என்னிடம் சிரிப்புக் கதை கேட்டிருந்தார்கள். என் கைவசம் எதுவும் இல்லை. சகலை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சகலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே கொஞ்சம் வெட்கப்பட்டிருந்தால் அதோடு போயிருக்கும். இப்போது வட்டியும் முதலுமாகப் படுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "வீட்டுக்குள் கோல்ஃப் ஆடுகிறவனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" (அடித்துவிட்டேன். எனக்கே அன்றைக்கு ஒன்றும் தெரியாது.)

தொடக்கம் இரண்டு: "அவர் தன் மாடியறைக்குள் பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு புல்வெளியைச் சுருட்டி வைத்திருந்தார்." (கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.)

விளங்கும்படி சொன்னால் இவ்வளவுதான். அறையின் ஒரு முனையில் தடித்த வெள்ளைத் திரை. எதிர்முனையில் நின்று உண்மையான பந்தை உண்மையான மட்டையால் அந்தத் திரையை நோக்கி அடிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கருவி பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மீதிப் பயணத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, பந்து மரங்களைத் தாண்டிப் பறந்து போய்ப் புல்லில் விழுவதாக ப்ரொஜெக்டர் வழியாகக் காட்டும். உண்மையான பந்து திரையில் முட்டி, அடித்தவர் காலடிக்கே உருண்டு வந்துவிடும்.

தொடக்கம் மூன்று: "காசு கொழுத்துப் போனால் மனிதன்

(இதை முடிக்கவில்லை. சகலையிடம் காசு கொழுக்கவில்லை. காரணம் வேறு. அது நான்காம் பகுதியில் வருகிறது.)

3

கடையில் நடந்ததை மாற்றாமல் எழுதுகிறேன்.

"லேப்டாப் போதுமா சகலை? தூக்கி வைக்க வசதியா இருக்கும்" என்று சகலை என்னைக் கேட்டார்.

"வேணாம். மணிக்கணக்குல ஓடினா சூடாயிடும், சத்தம் வேற போடும். டெஸ்க்டாப்பே எடுங்க. நாளைக்கு ஒரு பார்ட்டை மாத்தணும்னாலும் மாத்தலாம்."

கடைக்காரர் அலமாரியைத் திறந்து, செங்கல் கனத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "கேமுக்குன்னா இதுதான் சார். இதுக்கு மேல கிடையாது."

"உங்க ப்ரொஜெக்டர் என்ன, ஃபுல் ஹெச்டி தானே?" என்று சகலையைக் கேட்டேன்.

"ஆமா."

"அப்ப இது தேவையே இல்ல. ப்ரொஜெக்டரால காட்ட முடியாத அழகை கார்டு வரைஞ்சு என்ன பண்றது? நடுத்தரமா ஒண்ணு போதும். ராம் மெமரியைக் கொஞ்சம் கூட்டிக்கலாம். கேபிள் மட்டும் நல்லா நீளமா வாங்குங்க. பெட்டியை மூலையில தள்ளி வச்சிடலாம், பந்து எகிறி வந்து மேல படாது."

சகலை என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை. எங்கள் வீட்டு வைஃபையை இரண்டு முறை சரிசெய்தது போக எனக்குக் கம்ப்யூட்டர் ஞானம் கிடையாது. ஆனால் அந்த வாரம் உட்கார்ந்து படித்தேன், நன்றாகவே தேர்ந்தெடுத்தேன். இதுவரை நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. இதை இங்கேயே சொல்லிக்கொள்கிறேன், இனிமேல் சொல்ல வாய்ப்பு வராது.

"அப்படியே ஒரு கேமராவும் எடுத்துக்கங்க" என்றேன்.

"கேமரா எதுக்கு? அந்த மெஷினே பந்தைப் பாத்துக்குமே."

"பந்தைப் பாக்கும். உங்களைப் பாக்காது. கை எங்க போகுது, தோள் எப்ப திரும்புதுன்னு நீங்க போட்டுப் பாக்க வேணாமா?"

"அட, இது எனக்குத் தோணலையே."

(குறிப்பு: நான் சொன்ன காரணம் சரியான காரணம். ஆட்டம் கற்றுக்கொடுக்கிறவர்களும் இதையே சொல்வார்கள். ஆனால் ஒலியும் தெளிவாகப் பதிவாகும் கேமராவாகப் பார்த்து எடுத்தேன். மட்டையை வீசுவதற்கு ஒலி எதற்கு என்று சகலை கேட்கவில்லை. நீங்கள் கேட்கலாம். அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். கேமராவை அவருக்காகச் சொன்னேனா, கதைக்காகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் ஒரு தப்பித்தல்தான்.)

4

பெட்டிகளைக் காரில் ஏற்றிய பிறகும் சகலை வண்டியைக் கிளப்பவில்லை.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வீட்ல கூட முழுசா சொல்லல."

அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் பெரிய தலைகள் மாதம் ஒரு சனிக்கிழமை கோல்ஃப் ஆடப் போவார்கள். யார் எந்த நாற்காலிக்கு என்பதெல்லாம் அங்கே நடந்துகொண்டே பேசி முடிவாகிவிடும். இவரை ஒருமுறை அழைத்திருக்கிறார்கள்.

"எல்லாரும் அடிச்சாங்க. என் முறை வந்துச்சு. ஓங்கி வீசினேன். பந்து அங்கயே இருக்கு. மறுபடியும் வீசினேன். அப்பவும் அங்கயே இருக்கு. எம்.டி. வந்து குனிஞ்சு பந்தைக் கையால எடுத்து தூரமா போட்டுட்டு, வாங்க போகலாம்னாரு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சிருந்தா பரவால்லையே சகலை. ஒருத்தர் கூட சிரிக்கல."

மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், அதற்குள் பழகிவிட வேண்டும் என்றும், இன்னொரு தடவை அப்படி நிற்க முடியாது என்றும் சொன்னார். நான் அவர் தோளில் கை வைத்து, "எல்லாம் வந்துடும்" என்றேன். அந்த "ஒருத்தர் கூட சிரிக்கல" மறந்துபோய்விடக் கூடாது என்று உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

5

எழுத உட்கார்ந்தால் பாத்திரம் கால் ஊன்றவில்லை. சிரிப்புக் கதையாயிற்றே என்று அவருக்கு ஒரு தொந்தி கொடுத்தேன். (அவருக்குத் தொந்தி கிடையாது. எனக்கு உண்டு.) கீழே வேலை செய்கிறவர்களை விரட்டும் குரல் கொடுத்தேன். (அவர் அலுவலகத்துக் காவலாளியை "நீங்க" என்றுதான் கூப்பிடுவார்.) இரண்டு பக்கத்தில் கதை படுத்துவிட்டது. பாத்திரத்தைக் கிட்டத்தில் போய்க் கவனிக்க வேண்டும் என்று எழுத வருகிற இளைஞர்களுக்கு நானே மேடையில் சொல்லியிருக்கிறேன். சொன்னதைச் செய்தேன்.

மாடியறையில் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தபோது, ஏதாவது சிக்கல் வந்தால் என் வீட்டிலிருந்தபடியே சரிசெய்ய ஒரு மென்பொருளைப் போட்டிருந்தேன். அது அவர் சம்மதத்தோடுதான். அதன் வழியாகக் கேமராவையும் திறக்க முடியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தேன்.

சகலை மட்டையோடு நின்றிருந்தார். அடித்தார். பந்து திரையில் மோதி உருண்டு வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் பக்கம் திரும்பி, "அருமையான ஷாட் சார்" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். திருப்தி இல்லை. குரலைக் கொஞ்சம் இறக்கி, "நல்ல ஷாட் சார்." அதுவும் சரிவரவில்லை. லேசாகச் சிரித்தபடி, "எப்படி சார் இது?" மறுபடி ஒரு பந்து. மறுபடி நாற்காலி. அடிக்கப் பழகியதைவிடப் பாராட்டத்தான் அதிகம் பழகினார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். கதை கிடைத்துவிட்டது.

அப்புறம் அவர் மட்டையைக் கீழே ஊன்றிக்கொண்டு, நாற்காலியிடம் பேசினார். "இல்ல சார், வீட்லயே ஒரு செட்டப் இருக்கு. என் சகலைதான் பாத்துப் பாத்து பண்ணிக் குடுத்தாரு. அவரு எழுத்தாளர் சார்." கொஞ்சம் யோசித்தார். "பெரிய எழுத்தாளர். ஆனா தலைக்கனமே கிடையாது."

இதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அணைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது.

"சகலை, அந்தக் கேமராவுல ஒரு சின்ன லைட் எரியுது. நான் அதைத் தொடறதே இல்ல. என்னையே பாக்க கூச்சமா இருக்குன்னு விட்டுட்டேன். ஆனா தானா எரியுது."

"அது ஒண்ணுமில்ல. அப்டேட் ஆகும்போது அப்படித்தான் எரியும்."

"அப்படியா? நான் எதையாவது கெடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன்."

"நீங்க ஒண்ணும் கெடுக்கல."

(அந்தப் பேச்சில் நான் சொன்ன ஒரே உண்மை அந்தக் கடைசி வரி.)

6

[இந்தப் பகுதி நீக்கப்பட்டது. ஒரு மாலை, என் மனைவியின் அக்கா அந்த அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருவரும் பேசினார்கள். இந்தக் கதையில் மிக நன்றாக வந்திருந்த பகுதி அதுதான். நீக்க மனம் வராமல் பல நாள் வைத்திருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.]

7

என் கதைகளை முதலில் படிப்பது என் மனைவி. ஆறாம் பகுதி இருந்த, கேமராவைத் திறந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாத பழைய பிரதியைத்தான் அவள் படித்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் நடுநடுவே சிரித்தாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு அந்தச் சிரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு சத்தமே இல்லை.

"இந்த நாற்காலி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கற்பனைதான்."

"உங்களுக்கு அவ்ளோ கற்பனை கிடையாதுங்க."

எந்த விமர்சகரும் என்னை இவ்வளவு சரியாக எடை போட்டதில்லை.

"அத்தான் சொன்னாரா?"

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். அவள் ஆறாம் பகுதியைத் திருப்பினாள். "இது அக்கா பேசற பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை அவதான். கதவைச் சாத்திட்டு அவ புருஷன்கிட்ட பேசினது இது."

சொல்லிவிட்டேன். கேமரா, மென்பொருள், விளக்கு, போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவள் கத்தியிருந்தால் தேவலை. தாள்களை ஒழுங்காக அடுக்கிக் கட்டில்மேல் வைத்தாள்.

"நான் கதையை நிறுத்திடறேன்" என்றேன்.

"நான் கதையைப் பத்திக் கேக்கல. நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து வீட்டில் சோறு இருக்கிறது, பேச்சு இல்லை.

8

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) நான் நேரில் போய்ச் சொல்கிறேன். சகலை கொஞ்ச நேரம் தரையைப் பார்க்கிறார். அப்புறம் சிரித்துவிட்டு, "சரி விடுங்க, என் ஷாட் எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க" என்கிறார். (அவர் வாயில் மன்னிப்பை வைத்து நானே வாங்கிக்கொள்கிறேன். என் தொழிலில் இதற்குச் செலவே கிடையாது.)

ஆ) ஆளை மாற்றிவிடுகிறேன். சகலை பக்கத்து வீட்டுக்காரர் ஆகிறார், கோல்ஃப் டென்னிஸ் ஆகிறது, நாற்காலி கண்ணாடி ஆகிறது. (ஊர் கண்டுபிடிக்காது. அவர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். என் கதை வந்த இதழ்களைக் காசு கொடுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுக்கிறவர் அவர்.)

இ) கதை வெளிவந்துவிட்டது. சனிக்கிழமை. சகலை அடித்த பந்து நேராகப் போகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். அடுத்து எம்.டி. அடிக்கிறார். சகலை திரும்பி, எந்தக் குரலில் சொல்ல வேண்டுமோ அந்தக் குரலில், "நல்ல ஷாட் சார்" என்கிறார். எம்.டி. அவரை உற்றுப் பார்க்கிறார். இந்த முறை எல்லோரும்

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

9

இதுவரை "நீங்கள்" என்று எழுதியபோதெல்லாம் இதழ் வாசகரை நினைத்துத்தான் எழுதினேன். இனி அப்படி இல்லை. சகலை, இது உங்களுக்கு.

இதழுக்கு இதை அனுப்பவில்லை. இருப்பது இந்த ஒரு பிரதிதான். உங்கள் மனைவி இதைப் படிக்க வேண்டுமா, இது எங்கேயாவது வர வேண்டுமா, கிழித்துப் போட வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். மென்பொருளை எடுத்துவிட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் என் பேச்சை நம்பாதீர்கள், வேறு யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். கேமராவைப் பிடுங்கி எறியுங்கள். மற்றதெல்லாம் நல்ல சாமான்தான், அது இல்லாமலே ஓடும்.

நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வாசல் வரைக்கும் வந்தேன், மணியை அடிக்கத் தைரியம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க உட்கார்ந்து, கதை எழுதி வைத்திருக்கிறேன். இதிலும் இரண்டு மூன்று இடத்தில் உங்களைச் சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். கூனிக் குறுகி நிற்கும்போதும் அந்தப் புத்தி போகவில்லை. வெட்கமாக இருக்கிறது சகலை. வேறு நல்ல வார்த்தை தேடவில்லை.

உறையை உங்கள் கையில் என் மனைவி கொடுத்திருப்பாள். இப்போது படித்துக்கொண்டிருப்பீர்கள். நின்றுகொண்டு படிக்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா, உங்கள் முகம் எப்படி இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. இதற்கு அடுத்து நடப்பதை நான் எழுத மாட்டேன்.