ஒலிப்பதிவின்போது மிக்ஸியை அணைத்தவர்

இசக்கிமணியின் பாட்டை யூடியூபில் இருநூற்றுப் பதினான்கு பேர் கேட்டிருந்தார்கள். அத்தனை பேரும் சொந்தக்காரர்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் அவனுடைய அப்பா மந்திரமூர்த்தி. குற்றாலம் அருவிக்கரையில் பல சீசன்களுக்கு விசில் ஊதிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். கமெண்டுகளை விசாரித்து முடிக்க அவருக்கு ஒரு சாயங்காலம்தான் பிடித்தது.

“‘ராக் கிங்’னு ஒருத்தன் போட்டிருக்கானே, யாரு தெரியுமா? ஆய்க்குடி செல்லப்பா மவன். ‘ஏஞ்சல் அபி’ உன் சித்தி மவ. சொந்தக்காரன் சொல்லுதது சாட்சியமே கெடையாதுலே.”

அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஆடி முடிவதற்குள் சம்பந்தமில்லாத ஒரே ஒரு ஆள், பாட்டு நல்லாயிருக்கிறது என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் இசக்கிமணிக்கு ஒரு வருடம் பாட்டு. இல்லையென்றால் ஆவணி முதல் தேதி ஆலங்குளத்தில் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு. விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். உயரமும் மார்பளவும் விதிப்படி அமைந்துவிட்டதுதான் இசக்கிமணி வாழ்க்கையின் பெரிய துரதிர்ஷ்டம்.

பாட்டின் பெயர் ‘ஈரத் துண்டு’. சாரல் மாதத்தில் காயவே காயாத ஒரு துண்டைப் பற்றியது. ஒரு கிட்டார், ஒரு மைக். வீட்டு நடு அறையில் பதிவு செய்தவள் அவனோடு கல்லூரியில் படித்த நிவேதா. வழி சொன்னவளும் அவள்தான்.

“சினிமாவுக்கு வெளிய வார பாட்டா தேடிப் பிடிச்சுக் கேட்டு எழுதுத ஆளுங்க இருக்காங்க மணி. மியூசிக் பிளாக்கர்ஸ். அவங்களுக்கு அனுப்புவோம்.”

“எழுதுனா அவங்களுக்கு என்ன கெடைக்கும்?”

“ஒண்ணும் கெடைக்காது. அதனாலதான் அவங்க சொன்னா மத்தவங்க நம்புதாங்க.”

பத்தொன்பது பேரின் பட்டியல் போட்டாள். ஒரு வாரம் அவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தாள். மூன்று வருடமாக எழுதாதவர்களை அடித்தாள். காது கிழியும் சங்கீதம் மட்டுமே பிடிக்கும் என்றவர்களையும் அடித்தாள். மிச்சம் பதினொரு பேர். ஆளுக்குத் தனித்தனி மெயில், நாலே வரி: நாங்கள் யார், பாட்டு எதைப் பற்றி, ஏன் உங்களுக்கு அனுப்புகிறோம், கேட்க இணைப்பு.

“எல்லாருக்கும் ஒரே மெயில் போட்டா என்ன?” என்றான் இசக்கிமணி.

“பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் குடுக்கவா வந்திருக்கோம்? பேசாம இருலே.”

அனுப்பப் போகும் நேரத்தில் அம்மா முப்பிடாதியம்மாள் காபியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி நிவேதா, பேரெல்லாம் எங்க?”

“என்ன பேரும்மா?”

“வீட்டுல இருந்து ஒரு காயிதம் வெளியூருக்குப் போவுது. பெரிய மாமா பேரு வேண்டாமா?”

இதற்கு ஒரு வரலாறு உண்டு. இசக்கிமணியின் அக்கா கல்யாணப் பத்திரிகையில் பெரிய மாமா பலவேசத்தின் பெயர் விட்டுப்போனது. அவர் கல்யாணத்துக்கு வந்தார். ஆனால் பந்தியில் உட்காராமல், வருகிற எல்லோருக்கும் தெரியும்படி மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போட்டோவில் எல்லாம் அவர்தான் தெளிவாக விழுந்திருக்கிறார்.

“பாட்டுக்கு வேலை செஞ்சவங்க பேருதான் போடணும்மா,” என்றாள் நிவேதா.

அவள் செய்த ஒரே தப்பு அதுதான். வேலை செய்யாதவர் அந்தக் குடும்பத்தில் யாருமே இல்லை. ஒலிப்பதிவின்போது மிக்ஸியை அணைத்தவர் ஆனந்தவள்ளி அத்தை. ஆட்டை வேறு தெருவில் கொண்டுபோய்க் கட்டியவர் பலவேசம் மாமா. தும்மலை அடக்கிக்கொண்டவர் நயினார் சித்தப்பா. அம்மா சொல்லச் சொல்ல, உறவு வரிசை மாறாமல், ஆளும் வேலையுமாக நிவேதா டைப் அடித்தாள். நாலு வரி மெயிலுக்குக் கீழே நாற்பத்தொரு பெயர்.

“இதப் படிச்சா ஒருத்தனும் பாட்டக் கேக்க மாட்டான். மொய் எழுதத்தான் வருவான்,” என்று முனகிக்கொண்டே அனுப்பினாள்.

பதில் வரவில்லை. ஒரே ஒருவரிடமிருந்து ‘உங்கள் மெயில் கிடைத்தது’ என்று தானியங்கிப் பதில் வந்தது. அதை இசக்கிமணி அப்பாவிடம் காட்டிப் பார்த்தான்.

“இது மெஷின் குடுத்த வாக்குமூலம்,” என்று தள்ளுபடி செய்தார்.

ஆடி இருபத்தொன்பது. நிவேதா ஸ்கூட்டரை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஆசியா என்பவர் நடத்தும் பிளாக் அவள் கைபேசியில் திறந்திருந்தது.

‘மாதம் இருநூறு மெயில் வருகிறது. எல்லாப் பாட்டும் என்னை வேறு உலகத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார்கள். தென்காசியிலிருந்து வந்த மெயிலில் மட்டும், மிக்ஸியை அணைத்தவர் ஆனந்தவள்ளி அத்தை என்று இருந்தது. நாற்பத்தொரு பேரையும் படித்துவிட்டுத்தான் பாட்டைப் போட்டேன். பிறகு ஆறு முறை போட்டேன். இந்தப் பையன் கத்தவில்லை, உருகவில்லை. துண்டு காயவில்லை என்ற ஒரே தகவலைச் சொல்கிறான். முடியும்போது நமக்குக் குளிர்கிறது. ஒரு குறை: இரண்டாவது சரணம் தேவைக்கு மேல் நீளம்.’

நாலாவது தடவை படிக்கும்போது எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைக்கலாம் என்று கையை உயர்த்தியபோதுதான், தான் கண்ணாடி போடுவதில்லை என்பது இசக்கிமணிக்கு நினைவு வந்தது.

அப்பா உடனே விசாரணையைத் தொடங்கினார். நண்பர்கள் வழியிலும் சொந்தம் வந்துவிடக் கூடாதே என்று, பஜாரில் கடை வைத்திருக்கும் மசூதுக்குப் போன் போட்டார்.

“அண்ணாச்சி, கோயம்புத்தூர்ல ஆசியான்னு உங்களுக்குச் சொந்தம் உண்டா?”

“இல்லையே சார். ஏன், ஏதும் கேஸா?”

“நல்ல கேஸுதான்.”

பிறகு கைபேசியை வாங்கி வரிவரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. சரணத்தில் கைவைக்காமல் இருந்திருக்கலாமே அந்தம்மா என்று இசக்கிமணி ஃபிரிட்ஜ் பக்கம் பார்த்தான்.

“இந்தக் குறை ஒண்ணு போதும்லே,” என்றார் அப்பா. “நம்ம ஆளு எவனும் குறைய எழுத்துல குடுக்க மாட்டான். வீட்டுக்கு வந்து, காபி குடிச்சிட்டு, வாயாலதான் சொல்லுவான். இது சுத்தமான வெளியாளு.”

ஃபிரிட்ஜ் மேலிருந்த விண்ணப்பத்தை எடுத்து எட்டாக மடித்து, ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் வைத்தார். கட்டில் நின்றது.

“ஆனா ஒரு சாட்சி பத்தாது,” என்றார். “பொறப்படு.”

ஐந்தருவியில் அன்று வெள்ளம், குளிக்கத் தடை. தலையில் எண்ணெய் வழிய, நூறு பேர் போக்கிடம் இல்லாமல் நின்றிருந்தார்கள். மந்திரமூர்த்தி ஸ்பீக்கரோடு அவர்கள் முன்னால் போய் நின்றார்.

“நீங்க எந்த ஊரு?”

“மதுரை.”

“இங்கன முன்னால வாங்க. நீங்க?”

“சுந்தரபாண்டியபுரம். இங்கன பக்கந்தான்.”

“அங்கன தள்ளி நில்லுங்க. நீங்க கேக்கலாம், கருத்துச் சொல்லக் கூடாது.”

பாட்டு ஓடியது. அருவிச் சத்தத்துக்கு நடுவே எண்ணெய்த் தலைகள் ஒவ்வொன்றாக அசைய ஆரம்பித்தன. முடிந்ததும் மதுரைக்காரர், சாரலில் நனைந்த தோள் துண்டைப் பிழிந்துகொண்டே, “இன்னொரு தடவ போடுங்க சார். யாரு பாடுனது?” என்றார்.

“எனக்குத் தெரியாதுங்க,” என்றார் மந்திரமூர்த்தி. முகம் மட்டும் சிவந்துவிட்டது. “எனக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது.”

மதுரைக்காரர் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். அதே மூக்கு, அதே காது, அதே முன்பல் இடைவெளி.

“யாருன்னு எனக்கும் தெரியல அண்ணாச்சி,” என்றான் இசக்கிமணி. “ஆனா பய நல்லாப் பாடுதான்.”