ஐதே சென்யோராவுக்கு ஐந்து கேள்விகள்

அசுன்சியோனில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்காக எலிஹியாவும் நிமியாவும் உதவி மையம் தொடங்கிப் பதினாறு வருடமாகிறது. நிர்வாகக் குழுவில் ஓர் இடம் காலியானபோது, தெரிந்தவர், வேண்டியவர் என்று யாரையும் சேர்க்கக் கூடாது, நேரில் கூப்பிட்டு ஐந்து கேள்வி கேட்டுப் பிறகு ஓட்டுப் போட வேண்டும் என்று அடம்பிடித்தவள் எலிஹியாதான். வருகிறவர்களைப் பார்த்துப் பேசி அழைக்கும் வேலையை நிமியா எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை தையல் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவள் சலவைக்காரி தியோனிசியா. முதலில் வந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், முதல் கேள்விக்கே தன் பிரதாபங்களை முக்கால் மணி நேரம் அளந்துவிட்டுப் போனார். அடுத்து உள்ளே வந்த நரைத்த அம்மாளை எலிஹியாவுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது.

ஐதே சமனியேகோ. இந்த ஊரில் பெயர்பெற்ற நோட்டரி. பதினைந்து வயதில் எலிஹியா வேலை செய்தது அவள் வீட்டில்தான். அந்த வீட்டு மகளுக்கும் அப்போது பதினைந்து வயது. பிறந்தநாள் விருந்து பெரிதாக ஏற்பாடாகியிருந்தது. எலிஹியாவின் அம்மா இறந்துபோன செய்தி சொந்த ஊரான காசாபாவிலிருந்து வியாழக்கிழமையே தொலைபேசியில் வந்துவிட்டது. ஐதே அதைச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை, விருந்துப் பாத்திரங்களெல்லாம் கழுவி முடிந்த பிறகு. எலிஹியா ஊர் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. இதை அவள் நிமியா ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

அந்த நாளில் எஜமானியம்மாவைக் கூப்பிட்ட 'சென்யோரா' வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, காகிதத்தைப் பார்த்து முதல் கேள்வியை வாசித்தாள்: இந்தக் குழுவில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?

"உங்களுக்கு ஒரு பெரிய பாவம் பண்ணிட்டேன். அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள் ஐதே. "அன்னைக்குக் கேக் வெட்டி எல்லாருக்கும் நீங்கதான் கொடுத்தீங்க. இன்னைவரைக்கும் நீங்க கேக்கை வாயில வெக்கிறதில்லைன்னு தெரிஞ்சப்போ எனக்குத் தூக்கமே போச்சு."

கேக்கைத் தொடாத கதையும் நிமியாவுக்கு மட்டும்தான் தெரியும். எலிஹியா அவளைப் பார்த்தாள். நிமியா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதி நாலு கேள்விகளையும் எலிஹியா ஒன்றுவிடாமல் கேட்டாள். ஐதே நன்றாகவே பதில் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

"அவங்க மாறிட்டாங்க அக்கா" என்றாள் நிமியா. "நாலு தடவை என் வீடு தேடி வந்து அழுதாங்க. அமைச்சகத்துல அவங்க சொன்னா எந்தக் கதவும் திறக்கும். நம்ம பொண்ணுங்களுக்குத்தானே நல்லது?"

"உன்கிட்ட எதுக்கு அழணும்? செத்தது உங்க அம்மாவா?"

"முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க உள்ளயே விட்டிருக்க மாட்டீங்க."

"விடறதா வேண்டாமான்னு நான் சொல்லணும், நிமியா. நான் அழுது சொன்னதை எடுத்துட்டுப் போய் அவங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்க."

ஓட்டுக்கு விட்டுவிடலாம் என்றாள் நிமியா. ஐதேயைச் சேர்க்க அவள் கை உயர்ந்தது. தலையைக் குனிந்துகொண்டே தியோனிசியாவும் தூக்கினாள். அவளிடமும் முன்பே பேசிவைத்திருக்கிறாள் என்று எலிஹியாவுக்குப் புரிந்தது. தன் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் தானே எழுதி, கையெழுத்திட்டாள்.

வெயில் ஏறியிருந்தது. நிமியா ஐஸ் தண்ணீர் ஊற்றி, எல்லாரும் மாறி மாறிக் குடிக்கும் குளிர்ந்த இலைச்சாறான தெரெரேயின் குவளையை முதலில் அவளிடம் நீட்டினாள். எலிஹியா வாங்கவில்லை.

"நன்றி" என்றாள்.

குவளையை நீட்டும்போது அந்த வார்த்தையைச் சொன்னால், இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். பதினாறு வருடத்தில் ஒரு சுற்றுகூடக் குடிக்காமல் அவள் அதைச் சொன்னதில்லை. நிமியாவின் கை அப்படியே நின்றது.

அதற்குப் பிறகும் திங்கட்கிழமைதோறும் எலிஹியா மையத்துக்கு வந்து, உதவி கேட்டு வரும் பெண்களின் குறைகளை எழுதிக்கொண்டுதான் இருந்தாள். ஐதே வாங்கிக் கொடுத்த அனுமதிகள் உண்மையிலேயே பயன்பட்டன; அதை அவள் மறுத்ததுமில்லை. நிமியாவிடம் மட்டும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.