இடுப்புக்கு மேலே எழாத பந்து

தொண்ணூற்றாறாம் வருடத்து மழை என்னைச் சள்ளையில் மாட்டிவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். கோல் கம்பத்துக்குக் கீழே யார் வீட்டு எருமையோ சுகமாகப் படுத்துக் கிடந்தது. அதை விரட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. பாளையங்கோட்டையில் இருபத்தேழு வருடமாக டிரில் வாத்தியார் வேலை. இரண்டு முட்டியும் போயாயிற்று. இந்த லட்சணத்தில், பொங்கலுக்கு முந்தின வாரம் விளையாட்டு விடுதிக்கு மாவட்டத் தேர்வு என்று தபால் வந்திருந்தது.

அனுப்புவதற்கு என்னிடம் ஒரே ஒருவன்தான் இருந்தான். டைட்டஸ், உவரிப் பையன், எங்கள் பள்ளி ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறான். படிக்கிறான் என்பது ஒரு பேச்சுக்கு. பந்து காலில் பட்டால் மட்டும் பயலுக்கு வேறு முகம் வந்துவிடும். தேர்வானால் சோறு, படிப்பு, ஆட்டம் எல்லாம் விடுதியில். இல்லாவிட்டால் அப்பாவோடு கடலுக்குப் போக வேண்டியதுதான். வயதுக் கணக்குப்படி அவனுக்கு இதுதான் கடைசி வருடம்.

மார்கழி பிறந்த அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. மார்கழியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? தில்லைநாயகம் அண்ணாச்சியின் மண்டபம் தை பிறக்கிற வரை பூட்டித்தானே கிடக்கும்? குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"சும்மா தானே கெடக்கு, ஆடச் சொல்லும். ஆனா வாத்தியாரே, செவுத்தைப் பாத்தீரா? எங்க அப்பா, தாத்தா, பூட்டன் படம் எல்லாம் அங்கன தான் மாட்டியிருக்கு. பந்து இடுப்புக்கு மேல எந்திரிக்கப்பிடாது. ஒரு கண்ணாடி ஒடஞ்சாலும் அன்னைக்கே சாவியை வாங்கிருவேன், பாத்துக்கிடும்."

சரி என்றேன். அந்தச் சமயத்தில் எதற்கு வேண்டுமானாலும் சரி என்றிருப்பேன்.

பள்ளிக்கூட டீமில் பதினாலு பையன்கள். சாம்பார் வாளிகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்து, நடுவே பந்தை வளைத்து வளைத்து ஓட்டச் சொன்னேன். மொசைக் தரையில் பந்து சொன்ன பேச்சு கேட்காது; கால் பைய பட்டாலும் ஓடிவிடும். அதனாலேயே பயல்களுக்குப் பாதத்தில் ஒரு பதம் வந்தது. மணவறை மேடைக்கு முன்னால் இருந்த இரண்டு தூண்கள்தான் கோல். பின்னால் வலைக்குப் பதிலாக ஜமுக்காளம் கட்டினோம். அதற்கு மேலே மூன்று தலைமுறையும் மீசையை முறுக்கிக்கொண்டு பார்த்தது.

பந்தைத் தூக்கி அடித்தவனுக்குத் தண்டனை, சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அன்றைக்கு ஆட்டமே கிடையாது. டைட்டஸ் முதல் நாளும் இரண்டாம் நாளும் உட்கார்ந்தான். மூன்றாம் நாளிலிருந்து உட்காரவே இல்லை. இருபது அடியிலிருந்து தூணின் அடியை ஒட்டித் தரையோடு தரையாக அனுப்பினான். பத்துக்குப் பத்து. நான் மனசுக்குள் பூரித்துப் போனேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு நாள் கோல்கீப்பரைப் பற்றி அவனே கேட்டான். "சார், கோலி கீழ படுத்துட்டாமுன்னா என்ன செய்ய?"

"அவன் படுக்கதுக்கு முன்னால அடிச்சிரு லே. பேச்சைப் பாரு."

அண்ணாச்சி சில சாயங்காலம் வாசலில் நின்று பார்ப்பார். "நல்லா பதவிசா ஆடுதானுவ வே" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அதுவே பெரிய சர்டிபிகேட்டாக இருந்தது.

தேர்வு நாளன்று மழை இல்லை. ஸ்டேடியத்தில் எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. ஒவ்வொருவனுக்கும் ஐந்து பந்து. நட்ட குச்சிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போய், கோலியைத் தாண்டி அடிக்க வேண்டும். வாத்தியார்கள் கோட்டுக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

டைட்டஸ் குச்சிகளுக்குள் போன போக்கைப் பார்த்துத் தேர்வு நடத்த வந்திருந்த அதிகாரி நமச்சிவாயம் எழுதுவதை நிறுத்தினார். முதல் பந்து தரையோடு போய் மூலையில் விழுந்தது. கோல். நான் பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோலி ஒரு நெட்டையன், விவரமானவன். இரண்டாம் பந்துக்கு முன்கூட்டியே பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டான். பந்து அவன் முழங்காலில் பட்டுத் திரும்பியது. மூன்றாவதற்கும் அப்படியே. மேலே முழுக் கோலும் காலி. கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும். டைட்டஸ் தூக்கவில்லை. தரையையே பார்த்துத் தரையோடு அடித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கால் மண்டபத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தது. அங்கே அதை நிறுத்திவைத்தவன் நான்.

"தூக்கி அடிலே டைட்டஸு" என்று கத்திவிட்டேன்.

நமச்சிவாயம் திரும்பினார். "மாஸ்டர், இன்னொருக்க சத்தம் வந்தா பையன் நம்பரை அடிச்சிருவேன்."

நாலாவதைத் தூக்கினான். மூன்று வாரமாகத் தூக்காத கால். பந்து கம்பத்துக்கு மேலே போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஐந்தாவதற்கு முன்னால் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தால் நம்பர் போய்விடும். நான் சும்மா நின்றேன். தரையோடு அடித்தான். நெட்டையன் குனியாமலேயே காலை வைத்து நிறுத்தினான்.

சாயங்காலம் வாசித்த பட்டியலில் டைட்டஸ் பெயர் இல்லை. நமச்சிவாயத்தின் பின்னாலேயே ஜீப் வரை போனேன். "பையன் மேல குத்தமில்ல சார். மழைக்கு ஹாலுக்குள்ள வச்சுப் பழக்குனேன். தூக்க விடாதது நான்தான். ஒரு பந்து குடுத்துப் பாருங்க."

"எல்லா வாத்தியாரும் எதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்யுதாங்க" என்றார். ஜீப் போய்விட்டது.

டைட்டஸ் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "வீட்டுல நீங்க வந்து சொல்லுங்க சார்" என்றான். "நான் சொன்னா, ஒழுங்கா ஆடியிருக்க மாட்டேன்னு நெனைப்பாவ."

ஒரு கடிதாசி எழுதிப் போட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவ்வளவு அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு திசையன்விளை போய், அங்கே பஸ் மாறி, உவரியில் இறங்கும்போது உச்சி வெயில். அவன் அப்பா அருளப்பன் கொட்டகையில் உட்கார்ந்து வலையைக் கோர்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோய், நின்றபடியே சொன்னேன்.

"ஒங்க பையன் கெட்டிக்காரன். அவன் தோக்கல. பந்தைத் தூக்கக்கூடாதுன்னு நான் பழக்கி வச்சதுல போச்சு. குத்தம் முழுக்க எம்மேல."

அருளப்பன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்த மழையில பயல ஒரு நாள்கூட நனைய விடாம வச்சிருந்தீகளே சார். வேற யாரு செய்வா?" பிறகு மகனைப் பார்த்து, "இன்னைக்கே சார்கூடப் போயி ஹாஸ்டல்ல இருந்து பெட்டியை எடுத்துட்டு வந்திருலே" என்றார்.

"முழுப்பரீட்சை வரைக்குமாவது இருக்கட்டுமே" என்றேன்.

"எதுக்கு சார், சும்மா?"

டைட்டஸ் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலையின் மறுமுனையை எடுத்தான்.

அவன் அம்மா இஞ்ஞாசியம்மாள் சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை போட்டாள். அவளாவது நாலு வார்த்தை ஏசுவாள் என்று தலையைத் தூக்காமல் காத்திருந்தேன். சோற்றைப் பார்த்து, "போதுமா சார்?" என்று கேட்டு, இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அதையும் தின்றேன்.