கோச் சொன்ன ஒரே வார்த்தை

தம்பதிகளுக்கான நீச்சல் போட்டியில் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் பேக்கரிக்காரர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளி நாளிலிருந்தே நீந்துகிறவள். அவருக்கோ குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. கற்றுக்கொடுக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது.

மாவு பிசைந்து உரமேறிய அவர் தோள் தண்ணீரில் ஒன்றுக்கும் உதவவில்லை. கையைத் தூக்கிப் பளாரென்று தண்ணீரை அறைவார். கை தலைக்கு முன்னால் குறுக்கே போய் எதிர்ப்பக்கம் விழும். முழங்கை தொய்ந்து முதலில் கீழே இறங்கும். இப்படியே கோணல்மாணலாகப் போய் மிதவைக் கயிற்றில் முட்டிக்கொண்டு நிற்பார்.

"தோளுக்கு நேரா கையை விடுங்க. முழங்கை மேலயே இருக்கட்டும். அப்பதான் முன்கை மொத்தமும் தண்ணிய பின்னால தள்ளும்."

"அதத்தானே செய்றேன்."

"செய்யல. முழங்கை தொங்குது."

"எனக்கு அப்படித் தெரியலயே."

கரையில் நிற்கவைத்துக் கையைப் பிடித்துக் காட்டினாள். தலையாட்டினார். குளத்தில் இறங்கியதும் பழைய கதைதான். வேறு வழி தெரியாமல், "மாவைப் பின்னால தள்ற மாதிரி நெனச்சுக்கோங்க" என்றாள்.

"மாவ யாராவது பின்னால தள்ளுவாங்களா? அமுக்கத்தான் செய்வாங்க."

அமுக்கவும் செய்தார். ஒவ்வொரு அமுக்குக்கும் தலை மேலே எழும்பி எழும்பி விழுந்தது. அவள் போனில் படம் பிடித்துக் காட்டினாள். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தவர், "நீ நின்ன இடம் சரியில்ல, அதான் கோணலாத் தெரியுது" என்றார்.

"ஆளை விடுங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது, பக்கத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இளம் கோச்சிடம் அவர் பவ்யமாகக் கை கட்டி நின்றிருந்தார். பிறகு இறங்கி நீந்தினார். கை தோளுக்கு நேராக இறங்கியது. முழங்கை மேலேயே நின்றது. கயிற்றில் எங்கும் உரசாமல் அக்கரை சேர்ந்து, அங்கிருந்தே கத்தினார்.

"பாத்தியா? கோச் ஒரே வார்த்தைதான் சொன்னார். முழங்கை மேல இருக்கணுமாம். இத்தன நாளா இத யாருமே எங்கிட்ட சொல்லல பாரு."

அவள் கோச்சைத் திரும்பிப் பார்த்தாள். கோச் சங்கடத்தோடு விசிலைத் திருகினான். "நீங்க சொன்னதைத்தான் மேடம் நானும் சொன்னேன்."

"தெரியும் தம்பி. எல்லாம் என் நேரம்" என்றாள்.

போட்டியில் கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. அதுவும் அவளுடைய சுற்றில் அவள் ஒரு ஜோடியைத் தாண்டியதால். வீடு திரும்பும்போது அவர் அக்கறையாகச் சொன்னார்: "உன் கால் உதைதான் கொஞ்சம் சரியில்ல. ஒரு தடவ கோச்சைக் கேட்டுப் பாரேன்."

ஈரத்துணிப் பையை அவர் கையில் திணித்துவிட்டு அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.