அண்ணனின் மண்ணீரலும் நாலாம் மாடி லிஃப்டும்

அண்ணனின் மண்ணீரலை வெட்டி எடுக்க வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். நாள் குறித்த பிறகுதான் தனக்கு மண்ணீரல் என்று ஒன்று இருப்பதே அண்ணனுக்குத் தெரிந்தது.

"எந்தப் பக்கம்டா இருக்கு?" என்று விலாவைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இடது பக்கம்."

"என்ன பண்ணுது அது?"

"பழைய ரத்தத்த வடிகட்டும்."

"ஒழுங்காத்தானே பண்ணிட்டிருக்கு? அப்புறம் எதுக்குடா எடுக்கணும்?"

எடுக்கச் சொன்ன பரிசோதனை தம்பி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில்தான் நடந்தது. அண்ணனின் ரத்தம் இருந்த டியூபில் பெயர் ஒட்டி, அதைச் சுழற்றி, ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்தவனே அவன்தான். ஆய்வுக்கூடத்தில் அவனுக்குப் பெயர் சொட்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு டியூபிலிருந்து இன்னொரு டியூபுக்குச் சொட்டுச் சொட்டாக மாற்றுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்.

மனிதனுக்குக் கண்ணிலும் ஈரலிலும் இருப்பது ஒரே மரபணுக்கள்தான். எது வாயைத் திறக்கிறது, எது கம்மென்று கிடக்கிறது என்பதில்தான் கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் ஆகிறது. வாயைத் திறக்கிற மரபணு ஆர்.என்.ஏ. என்ற துண்டுச்சீட்டை அனுப்பும். அந்தச் சீட்டுகளைப் பொறுக்கி, இயந்திரத்தில் கொடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்து எண்ணினால் உடம்புக்குள் யார் கத்துகிறார்கள், யார் முனகுகிறார்கள் என்று தெரிந்துவிடும். உடம்பை மெல்ல மெல்லத் தளரவைக்கும் தளர்நோய் வந்தவர்களின் ரத்தத்தில் எந்த மரபணுக்கள் கத்துகின்றன என்று பார்த்து, நோய் வருவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையை நிறுவனம் உருவாக்கியிருந்தது. நோய் என்று வந்தால் மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். பரிசோதனை தொடங்கியதிலிருந்து ஒருவர்கூட நலமாக இருந்ததில்லை. பரிசோதனை அவ்வளவு கூர்மை என்று இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊழியர் குடும்பத்துக்கு இலவசம் என்றதும் சும்மா கிடைக்கிறதை விடுவானேன் என்று ரத்தம் கொடுக்கப் போனவர். முடிவு வந்ததும் அறுவை மருத்துவர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். சோர்வு? இல்லை. வலி? இல்லை. பசி எடுக்கிறதா? நன்றாக எடுக்கிறது.

"அப்ப சந்தேகமே இல்ல. நல்லா இருக்கறதுதான் இதோட முதல் அறிகுறி."

"வேணாம்னு சொல்லிடுண்ணா," என்றான் சொட்டு.

"உன் கையால வந்த ரிசல்ட்டுடா. வேற எவன் கையா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

"என் கைங்கறதாலதான் சொல்றேன்."

"நீ பாசத்துல பேசற."

அண்ணி ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் பை கட்டி வைத்திருந்தாள். "உங்க அண்ணன் குணம் தெரியாதா தம்பி? வாயால சொன்னா ஏறாது. நோய் இல்லேன்னு ஒரு பேப்பர் கொண்டாங்க. கேப்பாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "சீக்கிரம் கொண்டாங்க. அந்த மனுஷன் இப்பவே படுத்துப் பழகறாரு," என்றாள்.

அறுவைக்கு முந்தின நாள் உறுதி செய்வதற்காக இன்னொரு முறை ரத்தம் எடுப்பது வழக்கம். பேப்பர் வருவதானால் அதிலிருந்துதான் வரவேண்டும். அதுவும் சொட்டுவின் மேசைக்குத்தான் வரும்.

திங்கட்கிழமை அவன் புள்ளியக்காவைப் பார்க்கப் போனான். புள்ளிவிவரம் பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு திரைகளுக்கு நடுவே உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். திரையில் ஆளுக்கொன்றாகப் புள்ளிகள் இரண்டு கும்பலாக இருந்தன. இடது பக்கம் நோய், வலது பக்கம் நலம். நடுவில் ஈ காக்கை இல்லை.

"எங்கண்ணன் எங்க இருக்காருக்கா?"

"இடது பக்கம். அதான் உன் பக்கம்."

"என் பக்கமா?"

"உன் மேசையிலேர்ந்து வந்ததெல்லாம் இடது. கீழ மின்னல் மேசையிலேர்ந்து வந்ததெல்லாம் வலது. இது நோயோட படம் இல்லடா. உங்க ரெண்டு பேரோட படம்."

மின்னல் என்பவள் தரைத்தளத்தில் இருந்தாள். பரிசோதனையை உருவாக்கும் ஆய்வு நடந்தபோது நலமாக இருந்த தன்னார்வலர்கள் பக்கத்து அறையில் ரத்தம் கொடுப்பார்கள். அவள் வாங்கின கையோடு சுழற்றிக் குளிரில் வைத்துவிடுவாள். நோயாளிகளின் ரத்தம் நாலாம் மாடிக்குச் சொட்டுவிடம் போகும். இப்போது பரிசோதனைக்கு வருவது எல்லாமே அவனிடம்தான். லிஃப்ட் ஓடவில்லை. அவன் சேர்ந்த நாளிலிருந்தே ஓடவில்லை. ஒவ்வொரு டியூபுக்கும் நாலு மாடி ஏற அவன் என்ன மலையேறும் வீரனா? கீழே வாசலில் பெட்டி நிறையும்வரை விட்டுவைத்து, மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போவான்.

"அவ்வளவு நேரம் ரத்தம் என்ன பண்ணும்னு நெனச்ச?" என்றார் புள்ளியக்கா. "உடம்பு இல்ல, சூடு இல்ல, கேக்க நாதியில்ல. உள்ள இருக்கற செல்லெல்லாம் அலறும். அந்த அலறலைத்தான் நாம எண்ணிட்டு இருக்கோம். நாம கண்டுபிடிச்சது தளர்நோய் இல்ல. காத்திருக்கறது."

"இத இயக்குநர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. கட்டுரைல அடிக்குறிப்பா போடச் சொன்னாரு. அப்புறம் பக்கம் நீளுதுன்னு அடிக்குறிப்ப எடுத்துட்டாரு." ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "எனக்கும் வீட்டு வாடகை கட்டணும் தம்பி."

அப்படியே விட முடியாது. சொட்டு நேராகக் கை கழுவும் தொட்டிக்குப் போய், ஒரு டியூபில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தான். மற்ற ரத்தங்களோடு அதையும் பெட்டியில் காத்திருக்க வைத்து, மேலே கொண்டுபோய், எல்லாம் செய்து இயந்திரத்தில் ஏற்றினான். தண்ணீரில் படிக்க ஒன்றும் இல்லை. பக்கத்து டியூபுகளிலிருந்து தெறித்த நாலு துண்டுதான் இருந்திருக்கும். ஆனால் நோய், நலம் என்ற இரண்டு பதிலைத் தவிர இயந்திரத்துக்கு வேறு எதுவும் தெரியாது. மறுநாள் முடிவு வந்தது. நோய் உறுதி. முற்றிய நிலை.

அதை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனான். அறுவை மருத்துவரும் இருந்தார்.

"சார், இது வெறும் தண்ணி. தண்ணிக்கே நோய்னு வருதுன்னா சோதனைல எங்கயோ கோளாறு."

இயக்குநர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

"தண்ணிக்கும் பரவிடுச்சா?"

"இல்ல சார், நான் என்ன சொல்றேன்னா..."

"முற்றின நிலைல வந்திருக்கே! இவ்வளவு நாள் யாருமே பாக்கலையா?"

மருத்துவர் யோசனையோடு முகவாயைச் சொறிந்தார். "சார், தண்ணிக்கு மண்ணீரல் எங்க இருக்கும்?"

"அத கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

நெறிமுறை அலுவலரைக் கூப்பிட்டார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, மாதிரி எடுக்கும் முன் தண்ணீரிடம் சம்மதம் வாங்கினீர்களா என்பது. வாங்கவில்லை. அப்படியானால் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். குழாய் ரிப்பேர்க்காரரை வரவழைத்தார்கள். ஈரக் கையோடு வந்தவர் விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"மாடி டேங்குக்குக் கையெழுத்துப் போடறேன். அதுக்கு மேல என்னால பொறுப்பேத்துக்க முடியாது. தெருத்தண்ணி யாரு பேச்சையும் கேக்காது."

அன்று மாலையே டேங்கைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். கட்டடத்தில் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. கழிப்பறைக்காக எதிரே இருந்த கடைக்குப் போய் வந்த ஊழியர்கள் எல்லாரும் சொட்டுவைப் பார்த்த பார்வையில் அவன் சாம்பலாகியிருக்க வேண்டும்.

"உனக்குக் கைராசி அப்படி," என்றாள் மின்னல், வாளியைத் தூக்கிக்கொண்டே. "நீ தொட்டா தண்ணிக்கே சீக்கு."

அன்று அவன் மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணன் கூடத்தில் கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தார். பழகிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நாளைக்கு ரத்தம் குடுக்க வரும்போது உன் சாமான் பையையும் எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"எங்க லிஃப்ட் ஓடல."

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். "எவ்வளவு நாளா?"

"நான் சேர்ந்ததுலேர்ந்து."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். மண்ணீரல் போகப்போகிறது என்றபோது வராத கோபம் இப்போது வந்தது. "நாலு மாடிக் கட்டடத்துல லிஃப்ட நிறுத்தி வெச்சிருக்கானுங்களா? இவனுங்களா எனக்கு வைத்தியம் பாக்கப்போறானுங்க?"

புதன்கிழமை காலை ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அண்ணன் வேலையைத் தொடங்கிவிட்டார். மோட்டார் அறையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் மூன்றாம் மாடிக் கதவின் அடியில், கதவு ஓடும் பள்ளத்தில் டார்ச் அடித்து, குறட்டால் ஒன்றைப் பிடுங்கினார். சொட்டுச் சொட்டாக உறிஞ்சி மாற்றும் பிப்பெட்டின் பிளாஸ்டிக் நுனி. அது அங்கே மாட்டியிருந்ததால் கதவு மயிரிழை அளவு மூடாமல் நின்றிருக்கிறது. கதவு முழுதாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது.

"உங்காளுங்க சாமான்தானே இது?" உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதுக்காடா இத்தன வருஷம் ஏறி எறங்கின?"

சொட்டு அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்று வந்த ஒவ்வொரு ரத்தமும் எடுத்த சூடு ஆறாமல் லிஃப்டில் ஏறி நாலாம் மாடிக்கு வந்தது. அண்ணனுடையது முதலில். சொட்டு எதையும் காக்க வைக்கவில்லை; வாங்கின கையோடு சுழற்றினான்.

வியாழக்கிழமை காலை அண்ணன் அதே கட்டடத்தின் அறுவை அறை வாசலில், லிஃப்டுக்கு எதிரே, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு தள்ளுவண்டியில் படுத்திருந்தார். நன்றாகவே படுத்திருந்தார், பழக்கம் வீண்போகவில்லை. விலாவில் மருத்துவர் மைக்கோடு போட்டுவிட்டார். அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அருகே நின்றாள். புள்ளியக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக ஓடி வந்தார்.

"எல்லாம் வலது பக்கம்! நேத்து வந்தது மொத்தமும்!"

அண்ணன் படுத்தபடியே கை நீட்டித் தாளை வாங்கிப் படித்தார். நலம் என்று போட்டிருந்தது. முத்திரை இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"பேப்பர்லயே போட்டிருக்கு," என்று மருத்துவரிடம் சொன்னார். "சட்டை எங்க?"

மருத்துவர் கையுறையைக் கழற்றவே இல்லை. தூக்கிய கை தூக்கியபடி நின்றார்; நலம் என்ற தாளோடு அடுத்த வண்டிக்காரரும் எழுந்து போனார், அதற்கடுத்தவரும் போனார். விஷயம் இயக்குநருக்குப் போய், அவர் மூச்சிரைக்க வந்தார்.

"ஒருத்தருக்குக்கூட நோய் இல்லையா? நேத்து வரைக்கும் எல்லாருக்கும் இருந்துச்சே! நேத்து என்ன புதுசா பண்ணீங்க?"

"லிஃப்ட் ஓடிச்சு சார்," என்றான் சொட்டு. "ரத்தம் காத்திருக்கல. அவ்வளவுதான். எப்பவுமே யாருக்கும் ஒண்ணும் இல்ல சார்."

கடைசி வாக்கியம் இயக்குநரின் காதில் ஏறவில்லை. அவர் திரும்பி லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட்ல ஒரே ஒரு தடவை போனதுக்கே குணமாயிடுச்சு."

"போனது ரத்தம் மட்டும்தான் சார். ஆளுங்க கீழதான் இருந்தாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். வெறும் ரத்தத்துக்கே இந்தப் பலன்னா, முழு உடம்பையும் ஏத்தினா?"

புள்ளியக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இயக்குநர் திரும்பாமலே, "அடிக்குறிப்புல போட்டுடுங்க," என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து சிகிச்சை தொடங்கியது. முன்பு நோய் என்று சொல்லப்பட்டவர்கள், மண்ணீரல் போனவர்கள், போகாதவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஏறுவது ஒரு வேளை, இறங்குவது ஒரு வேளை. மருத்துவர் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். முற்றிய நிலைக்காரர்களை நடு மாடிகளில் நிறுத்தாமல் நேராகக் கொண்டுபோனார். டேங்குத் தண்ணீரை வாளி வாளியாக மேலும் கீழும் கொண்டுபோன பிறகு குழாய்களைத் திறந்துவிட்டார்கள். அண்ணனுக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள்.

"நான் மெக்கானிக்குங்க," என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார்.

"அது அப்போ," என்றார் இயக்குநர்.

அண்ணிக்குக் கோட்டு பிடித்திருந்தது. தோய்த்து இஸ்திரி போட்டுத் தந்தாள். எண்ணெய்க் கறைதான் போகவில்லை.

ஒரு நாள் சொட்டு நாலைந்து டியூப் இருந்த பெட்டியோடு லிஃப்ட் முன்னால் நின்றான். கதவு திறந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஆட்கள், இரண்டு வாளி, ஸ்டூலில் மருத்துவர். கதவின் மேல் 'நோயாளிகளுக்கு மட்டும்' என்று பலகை புதிதாகத் தொங்கியது.

"ரத்தம் சார். அவசரம்."

"வரிசைல வாப்பா. இவங்களும் ரத்தம்தான்."

கதவு மூடியது. அழகாக, மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் மூடியது. அண்ணன் வேலை சுத்தம்.

சொட்டு படிக்கட்டைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பாதிகூட நிறையவில்லை. அதை முதல் படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அண்ணன் வெள்ளைக் கோட்டில், கையில் எண்ணெய்க் குப்பியோடு அந்தப் பக்கம் வந்தார். பெட்டியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னடா, ஏறலையா?"

"பெட்டி நெறையட்டும்." கொஞ்சம் பொறுத்து, "அண்ணா, இங்க யாரு கேட்டாலும் ரத்தம் மட்டும் குடுத்துடாத," என்றான்.

அண்ணன் கோட்டின் மேலேயே கையை வைத்து இடது விலாவை ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டு, கதவுக்கு எண்ணெய் போடப் போனார்.