கருப்புத் தாள் ஒட்டிய வகுப்பறை

1

இந்தக் கதை என் மகளின் சரித்திரப் புத்தகத்துக்கு அட்டை போடும்போது பிறந்தது. உலகப் போர்ப் பாடத்தின் கடைசியில் 'முக்கியச் சொற்கள்' என்று ஒரு பெட்டி. இருட்டடிப்பு, கட்டாய ஆள்சேர்ப்பு, பங்கீடு, பதுங்குகுழி, போர்நிறுத்தம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். அத்தனை பேருடைய பயத்தையும் அகரவரிசையில் அடுக்கிவிட முடிகிறதே என்று தோன்றியது. பசை காய்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வானம் கருத்துக்கிடந்த ஒரு காலையில், எல்லையிலிருந்து—

(வேண்டாம். போர் என்றதும் வானத்தைக் கருக்க வைப்பது சோம்பேறித்தனம்.)

2

நல்ல வெயில். மாடி வகுப்பறையில் சரித்திர டீச்சர் அந்தப் பெட்டியிலிருந்த சொற்களை நடத்திக்கொண்டிருந்தார். கணவர் இல்லை, ஒரே மகன், இப்போதுதான் பதினெட்டு முடிந்தது. (கணவரைச் சும்மா வெளியூருக்கு அனுப்பிவைக்கலாமா என்று யோசித்தேன். கூடாது. வரப்போகும் பயத்தைப் பங்குபோட ஆள் இருக்கக் கூடாது.)

டீச்சருக்கு ஒரு பழக்கம். எந்தச் சொல்லையும் வெறுமனே மனப்பாடம் செய்யவிட மாட்டார். செய்து பார்க்க வைப்பார். பங்கீடு என்றால் பெஞ்சுக்கு ஒரே ஒரு பென்சில். பதுங்குகுழி என்றால் எல்லோரும் மேஜைக்கு அடியில். இருட்டடிப்புக்கு, எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியாதபடி ஜன்னல் முழுக்கக் கருப்புச் சார்ட் தாள். பிள்ளைகள் குஷியாக ஒட்டினார்கள். அந்த ஜன்னல்கள் கடைத்தெருவைப் பார்த்தவை என்பது டீச்சருக்குத் தோன்றவே இல்லை.*

* டீச்சரைத் திட்டுவதற்கு முன் என்னைத் திட்டுங்கள். எல்லையில் ஏதோ புகைகிறது என்று ரேடியோ பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்த ஊர் அது. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

3

கீழே நின்றவர்களுக்குப் பாடம் தெரியவில்லை, ஜன்னல்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கே இருட்டடிப்பு உத்தரவு வந்துவிட்டது என்று பேச்சுக் கிளம்பியது. மத்தியானத்துக்குள் மளிகைக்கடையில் மெழுகுவத்தி தீர்ந்துபோயிற்று. பேச்சு காதில் விழுந்ததும் டீச்சர் தாள்களைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார்.

"அது பாடங்க. பிள்ளைங்களுக்குப் புரியறதுக்காக ஒட்டினது."

மளிகைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க இப்படித்தான் சொல்லணும் டீச்சர். ஜனங்க பதறக் கூடாதுன்னு சொல்லச் சொல்லியிருப்பாங்க. எங்களுக்குப் புரியாதா?"

மறுக்க மறுக்க அது உறுதியாகிக்கொண்டே போயிற்று. தன் வாயே தனக்கு எதிரியாகிவிட்டது என்று டீச்சருக்கு அழுகை வந்தது.

"உங்க பையன் விவரமானவன்," என்றார் மளிகைக்காரர். "முந்திக்கிட்டான். படைக்கு ஆள் எடுக்கற ஆபீசுக்கு இப்பதான் கூட்டாளிங்களோட போறான்."

டீச்சர் தாள்களை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

4

(இங்கே அவர் வரிசையின் கடைசியில் மகனைப் பிடித்து, காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துப் போவதாக ஒரு பத்தி எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நானே நம்பவில்லை, அடித்துவிட்டேன்.)

ஆள் எடுக்கும் ஆபீசில் மகன் க்ளார்க்கின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"வாடா வீட்டுக்கு. எல்லாம் பொய். நான் ஒட்டின தாளைப் பார்த்து ஊர் கிளப்பின பொய்."

"கத்தாதம்மா. இன்னிக்கு நாமளா வந்து பேர் குடுத்தா ஸ்டோர்ல, சமையல்ல போடுவாங்களாம். பட்டாளத்துக்காரங்களா கூப்பிட்டுப் போனா நேரா போர்முனைதானாம். எனக்குப் பயம் இல்லைன்னு நினைச்சியா? பயந்துதான் வந்தேன்."

டீச்சர் க்ளார்க்கின் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்க. கிளாஸ்ல பாடம் நடத்தினதைப் பார்த்துட்டு யாராவது படையில சேருவாங்களா?"

க்ளார்க் பேனாவைக் கீழே வைத்தார். கடுமையான ஆள் இல்லை. "பாடம் எப்பம்மா நடத்தினீங்க?"

"இன்னிக்குக் காலையில."

"இந்த மேஜையைப் போடச் சொல்லி எங்களுக்கு நேத்தே உத்தரவு வந்துடுச்சு."

டீச்சர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டா ஸ்டோர்தான்னு நிச்சயமா சார்?"

"அப்படித்தான் சொல்லியிருக்காங்க." அவர் இப்போது டீச்சரைப் பார்க்கவில்லை. "பையன் போடட்டுமா, கூட்டிட்டுப் போறீங்களா? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

5

கூட்டிக்கொண்டு போனால், அழைப்பு வரும்வரை மகன் வீட்டில் இருப்பான். வந்தால் போர்முனைக்குப் போவான். கையெழுத்துப் போட்டால், சொன்னவர்கள் சொன்னபடி செய்தால் பிழைப்பான். செய்யாவிட்டால், பெற்றவளே அனுப்பிவைத்தவள் ஆவாள்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் பையன் திரும்பி வரவில்லை. மூன்றாவதாக ஒன்றை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது, உண்மையாகவே பயமாக இருக்கிறது.

டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவர் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளை என்று வைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள். க்ளார்க் பேனாவை நீட்டிவிட்டார்.