பின்கதவால் கூப்பிடவும்

நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட, ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது, நாலு பேர் வேலை செய்யும் அந்தக் கந்தோர். கடைச் சாமானை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒரு செயலி செய்திருந்தார்கள். அதை எப்படிப் பாவிப்பது என்று சொல்லித்தர இணையத்தில் ஓர் உதவித்தளம் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று முதலாளி சிவகரன் காலையிலிருந்து, செயலியை எழுதிய லவீனாவின் உயிரை எடுத்தான். உட்கார்ந்து எழுத யாருக்கு நேரம்? செயலியின் நிரலுக்குள் கிடக்கும் குறிப்புகளையும் சோதனை உதாரணங்களையும் தானாகப் பொறுக்கி, பக்கம் பக்கமாய் அடுக்கித் தருகிற கருவி இருக்கிறது. ஒரு வரி தட்டினாள். நாற்பத்திரண்டு பக்கம் வந்தது. இன்னொரு வரி தட்டினாள்; தளம் உலகத்துக்கே திறந்தது. சிவகரன் எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

உதாரணங்களை அவள் திறந்து பார்க்கவில்லை. சின்னப் பிழைதான், போங்கள்!

எங்கள் பக்கத்தில் வீட்டு இலக்கத்தை நம்பிப் போனவன் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே செயலியில் ‘அடையாளம்’ என்று ஒரு பெட்டி வைத்திருந்தாள்: எந்தக் கோயில், எந்த ஒழுங்கை, வாசல் கேற் என்ன நிறம், முக்கியமாக நாய் நிற்கிறதா. சாமான் கொண்டுபோன இரண்டு பேரை நாய் கடித்த பிறகு வந்த பெட்டி அது. அதைச் சோதித்துப் பார்க்க, கண்டுபிடிக்க ஆகக் கஷ்டமான வீடு ஒன்று தேவைப்பட்டது. அவளுக்குத் தெரிந்த ஆகக் கஷ்டமான வீடு, அக்கா நிமலினி ஒளிந்திருந்த வீடு. யோசிக்காமல் அதையே சோதனை உதாரணமாய் எழுதிவிட்டாள்.

ஒளிந்துதான் இருந்தாள். மானிப்பாயில் புருசன் றொபினோடு குடும்பம் நடத்திய ஆறு வருடத்தில் நிமலினிக்கு ஒரு காது செவிடாய்ப் போனது. கடைசித் தடவை அவன் மண்ணெண்ணெயை அவள் தலையில் ஊற்றிவிட்டு நெருப்புப்பெட்டி தேடிய நேரத்தில்தான் தப்பி ஓடினாள். எட்டு மாதமாகத் தொண்டைமானாற்றில் இருக்கிறாள். சொந்தத்தில் அந்த வீடு தெரிந்தது லவீனாவுக்கு மட்டும். கண்ட இடத்தில் கழுத்தை அறுப்பேன் என்று றொபின் சேர்ச் வாசலில் நின்றே கத்தியவன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இந்தப் பக்கம் உதவியதா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. தளம் திறந்து ஒரு வாரத்தில் முதல் பதில் வந்தது. லவீனா ஆசையாய்த் திறந்தாள்.

“ஓம் மச்சாள், நல்லா உதவிச்சுது. நாய் இல்லை எண்டது பெரிய சந்தோசம்.”

அதற்கு மேலே உதாரணம் பதினேழு: ‘நிமலினி. தொண்டைமானாறு, வைரவர் கோயிலுக்குப் பின் ஒழுங்கை, நீலக் கேற். நாய் இல்லை. முன்கதவு திறக்கமாட்டா, பின்கதவால் கூப்பிடவும்.’

அட கடவுளே! அவளை மச்சாள் என்று கூப்பிடுகிறவன் றொபின்தான்; அவளுடைய கொம்பனி போடுவதையெல்லாம் மாதக்கணக்காய் மோப்பம் பிடித்திருக்கிறான், பாவி. அடிப்பதை விட, அடிக்கப்போகிறேன் என்று சொல்வதில்தான் அவனுக்கு எப்போதும் ருசி. பதில் வந்தது ஒன்பது நாற்பதுக்கு. இப்போது பத்தே கால். மானிப்பாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டிருந்தால் பாதித் தூரம் எப்போதோ தாண்டியிருப்பான். அக்காவுக்கு எடுத்தாள்; ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

“பொலிசுக்கு ஃபோன் அடியுங்கோ! தொண்டைமானாறு! அக்காவைக் கொல்லப் போறான்!” என்று சிவகரனிடம் கத்திவிட்டு ஸ்கூட்டியில் பாய்ந்தாள்.

நீலக் கேற் பூட்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் அக்காவின் அலறல். மதிலோரமாய்ச் சுற்றி ஓடினாள். பின்பக்கக் குசினிக் கதவு ஆவென்று கிடந்தது. றொபின் நிமலினியின் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். மற்றக் கையில் இறைச்சி வெட்டுகிற கத்தி. கழுத்துக்கு வந்த வெட்டை நிமலினி வலது கையால் தடுத்திருந்தாள். சீமெந்து நிலத்தில் விரல்கள் கிடந்தன.

“வாங்கோ மச்சாள், உங்களுக்கும் இருக்கு,” என்றான்.

சுவரோடு சாய்ந்து கிடந்த தேங்காய்த் திருவலையை லவீனா இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் இறக்கினாள். இரும்புப் பல் கன்னத்தைக் கிழித்தது. அவன் வீசிய கத்தி அவள் தோளைப் பிளந்தது, அவளுக்கு நோகவேயில்லை. அடுத்த அடி தாடையில். கத்தி விழுந்தது, அவனும் விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. முழங்காலில், விலாவில், மறுபடி வாயில். “நாசமாய்ப் போவானே! நாசமாய்ப் போவானே!” பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

“விடு பிள்ளை, செத்துப்போவான்! நீதான் உள்ளுக்குப் போவாய்!”

“சாகட்டும்!” என்று அவள் காறித் துப்பினாள்.

அவன் சாகவில்லை. தாடையில் கம்பி கட்டி, அதே ஆஸ்பத்திரியில், பொலிஸ் காவலில் வேறொரு வாட்டில் படுத்திருந்தான். நாளைக்குப் பிணையில் வரவும் கூடும். நிமலினி மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள். வலது கையில் மூன்று விரல் இல்லை.

“உவன் பின்னாலை நிண்டு ‘சாமான் வந்திருக்கு’ எண்டு கூப்பிட்டவன். நீ அனுப்பின ஆள் எண்டு நினைச்சுத்தான் திறந்தனான். பின்கதவு விசயம் உனக்கு மட்டும்தானே தெரியும். உவனுக்கு ஆர் சொன்னது?”

மூன்று நாளாய் லவீனா பொய் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டாள்.

“நான்தான் அக்கா. கந்தோர் தளத்திலை உங்கடை விலாசத்தைப் போட்டிட்டன். என்ன போகுதெண்டு பாக்காமலே போட்டிட்டன்.”

 நிமலினி இடது கையை ஓங்கி அறைந்தாள். சேலைன் ஊசி பிய்ந்து, கட்டில் விரிப்பில் ரத்தம் தெறித்தது.

“அதிலை இருந்து அழிச்சிட்டியோ?”

“அண்டைக்கே அழிச்சிட்டன்.”

இன்னோர் அறை விழுந்தது. லவீனா முகத்தை விலக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி நேர்ஸைக் கூப்பிட்டாள்.

“நான் வேறை வீடு பாக்கப் போறன்,” என்றாள் நிமலினி. “இந்த முறை உனக்கும் சொல்லமாட்டன்.”